வேலுத்தாயின் போணி

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் தராசில் முதலில் ஏறுவது பட்டாசுப் பெட்டி அல்ல, வேலுத்தாய். ஆறு வருஷமாக இதே கதை. சிவகாசியில் லாரி செட்டில் வேலை பார்க்கிற எவனையும் கேட்டுப் பாருங்கள், முதல் போணி எவ்வளவு பெரிய விஷயம் என்று. முதல் பெட்டி கனமாக ஏறினால் அன்றைக்கெல்லாம் லோடு கனமாக இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. என் போணிக்கோ ரசீது கிடையாது, வாடகை கிடையாது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தராசுப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி நிற்கிற ஒரு பெண்பிள்ளைதான் என் போணி. இந்த ஆவலாதியை ஓனரிடம் சொன்னேன், வீட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் அஞ்சாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

“குண்ட நகத்துங்க அண்ணாச்சி, வேன் வந்துரும்.”

ஏறியதும் இதுதான் முதல் பேச்சு. எங்கள் தராசு பழைய இரும்புப் பிளாட்பாரத் தராசு. கம்பியில் இருக்கிற குண்டை நகர்த்தி நகர்த்தி, கம்பி ஆடாமல் கிடையாக நிற்கிற இடத்தில் எடையைப் படிக்க வேண்டும். நான் ஐம்பது என்பேன். அவள் நம்ப மாட்டாள். தலையைச் சாய்த்துத் தானே படிப்பாள். பிறகு இடுப்பில் செருகியிருக்கும் சாக்பீஸ் துண்டை எடுத்து, தூணில் நேற்றைக்கு எழுதிய எண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, இன்றைய எண்ணை எழுதுவாள். நேற்றும் ஐம்பது, இன்றும் ஐம்பது என்றால் முகம் மத்தாப்புக் கொளுத்தின மாதிரி ஆகிவிடும். “ஜெயிச்சாச்சு!” என்று கத்திக்கொண்டே இறங்குவாள். லோடுமேன்கள் கை தட்டுவார்கள். நான் தட்ட மாட்டேன். எனக்குப் போணி போன வயிற்றெரிச்சல்.

வேலுத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷம் திரி செக்‌ஷனில் இருந்தவள். அவளுக்கு இதயம் பலவீனப்பட்டு, ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாமல், உடம்பில் தண்ணீர் தங்குகிறது. அவள் மொழியில் சொன்னால், “மோட்டாரு வீக்கு அண்ணாச்சி. தண்ணி மேல ஏற மாட்டேங்கி, கால்லயே கெடக்கு. வெம்பக்கோட்ட டேம்ல இல்லாத தண்ணி என் முழங்காலுக்குக் கீழ கெடக்கு, பாத்தீகளா!” கால் நிறைந்தால் அடுத்தது நுரையீரல். படுத்தால் மூச்சு முட்டும். டாக்டர் தண்ணீரை இறக்க மாத்திரை கொடுத்து, தினமும் காலையில், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார். ரெண்டு நாளில் ரெண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே ஓடி வர வேண்டும்.

ஒரே தராசு என்றால் எங்கே போவாள்? பழைய பேப்பர் கடையில் இருப்பது கைத்தராசு. “அதுல என்னையத் தொங்கவா விட முடியும்?” என்று கேட்டாள். ரேஷன் கடை திறக்கப் பத்து மணி. அவள் வீடு எங்கள் செட்டுக்குப் பின் சந்து. ஆக, ஊரில் இருக்கிற இளிச்சவாயன் நான்தான்.

அந்தத் தண்ணி மாத்திரைக்கு அவள் பட்டாசுப் பெயர் வைத்திருக்கிறாள். அரை மாத்திரை பிஜிலி. முழு மாத்திரை சரவெடி. டாக்டர் கூட்டிக் கொடுத்தால் அது ராக்கெட். அதிகாலை அஞ்சு மணிக்குப் போட்டுக்கொண்டு, “பத்த வச்சாச்சு!” என்று வீட்டில் அறிவிப்பாளாம். அப்புறம் ரெண்டு மணி நேரம் அவளை யாரும் எதுவும் கேட்கக்கூடாது. ஓட்டம்தான். ஏழு மணிக்குச் சரம் வெடித்து ஓய்ந்ததும் நேரே என் தராசு. ஏழரைக்குக் கம்பெனி வேன். சில நாள் தண்ணீர் அதிகமாக இறங்கிவிட்டால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். எழுந்தால் கிறுகிறுக்கும். அப்போது தூணைப் பிடித்தபடியே, “நூறு வாலா போடச் சொன்னா ஆயிரம் வாலா வெடிச்சிருச்சு அண்ணாச்சி” என்பாள்.

குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், அதற்கு மேல் கூடாது. அளப்பதற்கு அவள் கண்டுபிடித்த சாமான் காலி குவார்ட்டர் பாட்டில். எட்டுப் பாட்டில் என்றால் ஏறக்குறைய சரியாக வருகிறது. வீட்டில் எட்டையும் நிரப்பி ஜன்னலில் வரிசையாக வைத்திருப்பாள். வேனில் போகும்போது பைக்குள் நாலு. புதிதாக வந்த டிரைவர் ஒருவன் அவள் பாட்டிலைத் திறந்து மடக்கென்று ஊற்றிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டானாம். “ஏக்கா, வேலைக்கிப் போறப்பவேவா? அதுவும் பட்டாசு வேலைக்கி!” என்று அவன் தலையில் அடித்துக்கொள்ள, இவள் பாட்டிலை நீட்டி, “இந்தா, நீயும் ஒரு மடக்கு ஊத்து. ஆனா திருப்பித் தரணும், எனக்கு அளவு” என்றிருக்கிறாள்.

அந்த நோயில் முதல் வருஷம் அவள் செய்த கூத்தை எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னாராம்: “உப்பைத் தொடவே கூடாது.” எங்கள் ஊரில் உப்பு ரெண்டு. வீட்டில் ஒன்று, கம்பெனியில் வெடியுப்பு ஒன்று. நாள் முழுக்க வெடியுப்பில் புழங்குகிறவளுக்கு எந்த உப்பு ஞாபகத்துக்கு வரும்? நேரே போர்மேன் சின்னச்சாமியிடம் போய், “டாக்டரு உப்பத் தொடக்கூடாதுன்னுட்டாரு ஐயா” என்று அழுதிருக்கிறாள். அவரும், “ஆமாத்தா, நெஞ்சுக்கு ஆகாதுதான்” என்று தலையாட்டி லேபிள் ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். திரி செக்‌ஷனே சேர்ந்து அனுதாபப்பட்டது. பத்தியமாக இருக்கிறாளே என்று வீட்டுக்கு ஆளாளுக்குக் கருவாடும் மோர் மிளகாயும் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெண்டு மாசம் பிரமாதமாகச் சாப்பிட்டாள். கால் யானைக்காலாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டது, “உப்பு எவ்வளவு சேக்குறீங்க?”

“தொட்டே ரெண்டு மாசமாச்சும்மா! இப்ப லேபிள்தான ஒட்டுறேன்!”

“லேபிளுக்கும் உப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?”

உண்மை வெளியே வந்ததும் வார்டே கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். இவளுக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. “சோத்து உப்புன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா டாக்டரு வாயி தேஞ்சா போகும்?” ஆனாலும் திரி செக்‌ஷனுக்குத் திரும்பவில்லை. லேபிள் இடத்தில் உட்கார்ந்து வேலை, கக்கூஸும் பக்கம். அந்தக் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் அவள் பையில் ஒரு முழம் திரிநூல் எப்போதும் இருக்கும். உள்ளே போனதும் ஆணியில் ஒரு சுருக்கு, கதவில் ஒரு சுருக்கு. கம்பெனியில் மற்ற பெண்களும் இப்போது வேலுத்தாயிடம் அந்தத் தாழ்ப்பாளைக் கடன் வாங்கிக்கொண்டுதான் போகிறார்களாம்.

திரி செக்‌ஷனிலிருந்து அவள் கொண்டுவந்த இன்னொன்று எண்ணிக்கை. திரி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டு வெட்டிப் பற்றவைத்து, எரிந்து முடிகிற வரை ஒண்ணு, ரெண்டு என்று ஒரே சீராக எண்ணுவார்கள். வேலுத்தாய் எண்ணினால் கடிகாரம் தோற்கும் என்பார்கள். அதே எண்ணிக்கையைக் காலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எடை அரை கிலோ கூடின நாளில் ஷட்டர் ஓரமாக உட்கார்ந்து, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டை விரலை அழுத்தி எடுப்பாள். குழி விழும். குழி நிரம்புகிற வரை எண்ணுவாள். நாலு, அஞ்சு என்றால் எழுந்து வேனுக்குப் போவாள். “திரி நீளமாயிருச்சு அண்ணாச்சி” என்றால் பதினஞ்சைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குக் கம்பெனி கிடையாது, ஆஸ்பத்திரி.

இப்போது தராசைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இதை எழுதியே பிரயோசனமில்லை.

எங்கள் தராசு ரெண்டு கிலோ கூட்டிக் காட்டும். தானாகக் காட்டாது, காட்ட வைத்திருந்தோம். கம்பியின் முனையில் ஒரு மரை உண்டு. அதை ரெண்டு சுற்றுச் சுற்றி வைத்தால் பெட்டிக்கு ரெண்டு கிலோ சும்மா ஏறும், வாடகையும் ஏறும். ஓனர் சொன்னார், நான் சுற்றினேன். ஆஸ்பத்திரித் தராசில் நாற்பத்தெட்டுக் காட்டுகிறவள் என் தராசில் ஐம்பது காட்டினால் வேலுத்தாய்க்குத் தெரியாதா? முதல் மாசமே கண்டுபிடித்துவிட்டாள். அதுவும் லோடுமேன்கள் அத்தனை பேர் முன்னால்.

“ஒங்க தராசு ரெண்டு கிலோ பொய் சொல்லுது அண்ணாச்சி.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. “இஷ்டமிருந்தா ஏறு, இல்லாட்டி எறங்கு” என்று விழுந்தேன்.

“கோவிச்சுக்காதீக. எனக்கு உண்ம வேண்டாம். தெனமும் ஒரே பொய்யச் சொல்லுதுல்ல, அது போதும்.”

லோடுமேன் முனியராஜ் சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த பெட்டி ஆடியது.

2004 தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கம்பெனி வேன் ஆறரைக்கே வர ஆரம்பித்தது. அவள் ஆறு மணிக்கே என் தராசுக்கு வந்தாள். அஞ்சு மணிக்குப் போடுகிற சரவெடி ஆறரைக்கு ஓயுமா? நாலு மணிக்கு எழுந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வருகிறவள் எப்படி எழுவாள்? “வேன்ல அம்பது பேரு அண்ணாச்சி. நடுக்காட்டுல எனக்காக வண்டிய நிறுத்தி, நான் முள்ளுக்குள்ள ஓட, அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கணுமா? சீசன் முடியந்தண்டியும் பிஜிலியே போட்டுக்கிறேன். எட ஏறுனா முழுசுக்கு மாறிக்கிறேன். அதான் தெனமும் பாக்கேன்ல!” என்றாள். டாக்டரைக் கேட்கவில்லை. என் தராசை நம்பினாள்.

திங்கட்கிழமை ஐம்பது. செவ்வாய்க்கிழமை ஐம்பத்தொன்று. “நாளைக்கு அம்பத்திரெண்டு காட்டுனா வேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், ஆஸ்பத்திரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். புதன்கிழமை ஏறினாள். குண்டை நகர்த்தினேன். ஐம்பது!

“பாத்தீகளா! எறங்கிருச்சு! பிஜிலிக்கே எறங்கிருச்சு!” தராசிலிருந்து குதித்தே இறங்கினாள். தூணில் எண்ணைப் பெரிதாக எழுதினாள். அந்த அவசரத்தில் கால் குழியை எண்ணாமல் வேனுக்கு ஓடினாள். அன்றைக்கு நானும் கை தட்டினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஐம்பத்தொன்று. “ஒரு கிலோதான, நேத்து மாதிரி எறங்கிரும்” என்றாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வந்தவள் தராசுப் பக்கத்தில் நின்றாள். நாலு விரற்கடை உயரப் பலகை. அதில் ஏற முடியவில்லை. வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாளாம். செருப்பைக் கழற்றினாள். வார் இருந்த இடத்தில் கால் ரெண்டாகப் பிதுங்கியிருந்தது. முனியராஜ் கைத்தாங்கலாக ஏற்றினான். குண்டை நகர்த்தினேன். ஐம்பத்திரெண்டு, ஐம்பத்திரெண்டரை. இன்னும் நகர்ந்தது. ஐம்பத்துமூன்று.

கம்பி முனை என் கண்ணில் பட்டது. மரையில் புது எண்ணெய் பளபளத்தது. புதன்கிழமை மத்தியானம் தராசுக்கு முத்திரை போட அதிகாரி வந்திருந்தார். அதற்காகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான்தான் மரையைச் சரியாகத் திருப்பி வைத்தேன். அவர் போன பிறகு சீசன் அவசரத்தில் அதைப் பழையபடி சுற்ற யாருக்கும் ஞாபகமில்லை. புதன்கிழமை அவள் எடை இறங்கவே இல்லை. தராசுதான் இறங்கியிருந்தது. பழைய கணக்கில் அவள் இன்றைக்கு ஐம்பத்தைந்து!

“ஏலே முனியராசு, தூக்குலே அவள!” என்று கத்தினேன். வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவிலிருந்து பெட்டிகளைத் தரையில் இறக்கித் தள்ளினோம். அவளைப் படுக்க வைக்கப் போனான் முனியராஜ். அவள் தலையை ஆட்டி, கையால் என் சட்டையைப் பிடித்து உட்கார்ந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. நானும் ஏறி உட்கார, ஆஸ்பத்திரி வரை என் முதுகில் சாய்ந்தபடி வந்தாள். அவள் நெஞ்சுக்குள் ஹூக்கா மாதிரி கொரகொர என்று தண்ணீர்ச் சத்தம் என் முதுகில் கேட்டுக்கொண்டே வந்தது. ஆட்டோக்காரனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆக்சிஜன் வைத்தார்கள். தண்ணி இறங்க ஊசி போட்டார்கள். அச்சாபீஸில் வேலை பார்க்கிற அவள் மகள் மாரிசெல்வி கையெல்லாம் மையோடு ஓடி வந்தாள். அரை மணி நேரம் ஆனது. கட்டிலுக்குக் கீழே தொங்கின பையில் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. பிறகு சொட்டு நிற்காமல் ஒழுகியது. நானும் மாரிசெல்வியும் முனியராஜும் அந்தப் பையையே வெறித்துக்கொண்டிருந்தோம். நானூறு, அறுநூறு, எண்ணூறு! ஒரு மூத்திரப் பை நிறைவதைப் பார்த்து மூணு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குதித்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். மத்தியானம் வேலுத்தாய் கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாள். முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, “வெம்பக்கோட்ட மடையத் தெறந்துட்டாக போல” என்றாள்.

மூணாம் நாள் அவளிடம் ஒப்புக்கொண்டேன். மரையைத் திருப்பினது நான்தான் என்றேன். முன்னால் சுற்றினதும் நான்தான் என்றேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவளோ கட்டில் ஆடச் சிரித்தாள்.

“மூணு வருசமாப் பொய் சொல்லி என்னையக் காப்பாத்துச்சு. ஒரே ஒரு நாளு உண்ம சொல்லுச்சு, ஆளக் கொல்லப் பாத்திருச்சே அண்ணாச்சி!”

நான் செட்டுக்குப் போய் ஓனரிடம், இனிமேல் அந்த மரையை எவனும் தொடக்கூடாது என்றேன். முறைத்தார். நானும் முறைத்தேன். சீசன் நேரம், எடை போட வேறு ஆள் கிடைக்காது. மரை முத்திரை போட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஆனால் வேலுத்தாய் தராசை மட்டும் நம்புவதை விட்டுவிட்டாள். மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் குறைப்பதில்லை. வேன்காரனோடு சண்டை போட்டு, பெட்ரோல் பங்க்கில் ரெண்டு நிமிஷம் நிறுத்த ஏற்பாடு செய்துகொண்டாள். முதல் நாள் அவள் ஒருத்திதான் இறங்கினாள். ஒரு வாரத்தில் பாதி வேன் இறங்கியது. அத்தனை பேரும் இத்தனை வருஷமாக அடக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு சட்டம் போட்டாள். “மொதல்ல நீங்க ஏறுங்க. அப்புறம் நான் ஏறுறேன்.”

“நான் எதுக்கு?”

“முத்திர போட்ட எடக்கல்லு ஓனரு ரூம்புல பூட்டிக் கெடக்கு, காலையில தெறக்க மாட்டாக. நீங்க என்னைக்கும் மாற மாட்டீக. அதே புரோட்டா, அதே தொப்ப, அதே மூஞ்சி. நீங்கதான் எனக்கு எடக்கல்லு.”

எழுபத்துநாலு கிலோ. மூணு வருஷமாக நான் எழுபத்துநாலு. அரை கிலோ முன்னே பின்னே. செட்டில் என் பெயரே எடைக்கல் ஆகிவிட்டது. “எடக்கல்லு டீ குடிக்கப் போயிருக்கு” என்று முனியராஜ் பார்ட்டிகளிடமே சொல்கிறான். முன்னால் போணிக்கு அவள் ஒருத்தி ஏறினாள், இப்போது நானே என் போணியைக் கெடுத்துக்கொள்கிறேன். ஆவலாதி ரெண்டு மடங்கானதே தவிரக் குறையவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை நான் எழுபத்தைந்து. அவள் நாற்பத்தெட்டு. செவ்வாய்க்கிழமை எழுபத்தாறு. தூணில் முதல் தடவையாக என் எண்ணையும் எழுதினாள். கல்யாண வீட்டுச் சாப்பாடு என்றேன். புதன்கிழமை எழுபத்தேழரை.

“தராசு கெட்டுப்போச்சு” என்றேன்.

“நான் அதே நாப்பத்தெட்டுதான் அண்ணாச்சி.”

“அப்ப நீ எளச்சிருக்க, தராசு கூட்டுது.”

சீசன் ஆரம்பம் என்பதால் ஓனர் அறை அன்றைக்குச் சீக்கிரமே திறந்திருந்தது. அவள் முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லை முனியராஜைத் தூக்கிவரச் சொல்லித் தராசில் வைத்தாள். குண்டை அவளே நகர்த்தினாள். கம்பி ஆடி, ஆடி, கிடையாக நின்றது. இருபது. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

வேன் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

“மாடிப்படி ஏறயில மூச்சு வாங்குதா?”

“வயசானா வாங்காதா?”

“செருப்பக் கழட்டுங்க அண்ணாச்சி.”

கழற்றினேன். வார் இருந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. பெட்டிகளுக்கு நடுவில் அவள் தரையில் உட்கார்ந்து, என் வேட்டியை முழங்காலுக்கு ஒதுக்கிவிட்டு, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். முனியராஜ் தோளில் பெட்டியோடு அப்படியே நின்றான். வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. அவள் விரலை எடுத்து, குழியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“நீங்களே எண்ணுங்க அண்ணாச்சி.”